எண்ணப்படாத பந்துகள்

ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் இருக்கிறது கொட்டச்சேடு. காப்பித் தோட்டங்களும், அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், மரத்தில் ஏறிய மிளகுக் கொடியுமாகச் சரிந்து கிடக்கும் நிலம். சேர்வராயன் மலையில் சமதளம் எளிதில் கிடைக்காது. கிடைத்த இடத்தில் பிள்ளைகள் ஸ்டம்பு நட்டுவிடுகிறார்கள்.

இந்த அத்தியாயம் முழுக்க, இப்படிப்பட்ட ஊரில் வளரும் ஒரு பையனை மனதில் வைத்துக்கொள்வோம். வயது 15. வலக்கை வேகப்பந்து வீச்சாளன். எடை 55 கிலோ. ஒரே ஆண்டில் மளமளவென்று உயர்ந்துவிட்டான். பள்ளி அணிக்கு முதல் ஓவர் போடுவது அவன்தான். மாவட்டத் தேர்வு முகாமுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவனுடைய கீழ் முதுகு உடையும் அபாயம் எவ்வளவு? அதை எதைக்கொண்டு அளப்பது? யார் அளப்பது?

இந்தக் கேள்விக்கு விளையாட்டு மருத்துவம் ஐம்பது ஆண்டுகளாக விடை தேடி வருகிறது. கிடைத்த விடைகளில் பெரும்பகுதியைக் கொட்டச்சேட்டிலேயே பயன்படுத்த முடியும் என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

பத்தில் ஒரு பங்கு நொடி

பையன் பந்து வீசுவதை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். ஓடி வருகிறான், துள்ளி எழுகிறான். வலக்கால் முதலில் தரையைத் தொடுகிறது. அடுத்து இடக்கால், முட்டி மடங்காமல் விறைப்பாகக் கிரீஸில் ஊன்றுகிறது. ஓடி வந்த வேகம் முழுவதையும் அந்த ஒரு கால் தடுத்து நிறுத்துகிறது. அது ஊன்றியதிலிருந்து பந்து கையைவிட்டுப் போவதற்குள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நொடிதான் கழிகிறது.

அந்தக் கணத்தில் தரை திருப்பித் தரும் விசை, தேர்ந்த வீச்சாளர்களிடம் உடல் எடையைப் போல ஆறு மடங்கைத் தாண்டுகிறது. 55 கிலோ பையனுக்கு அதே மடங்கைப் போட்டுப் பார்த்தால் 330 கிலோ. அந்த விசை கணுக்கால், முட்டி, இடுப்பு என்று ஏறி முதுகெலும்புக்கு வருகிறது. முதுகு அப்போது நேராக நிற்பதில்லை. பின்னுக்கு வளைந்திருக்கிறது, இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, கூடவே திருகிக்கொண்டும் இருக்கிறது. மூன்று அசைவுகளும் ஒரே கணத்தில் நடக்கின்றன.

கீழ் முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம் எடை தாங்கும் பருமனான பகுதி, பின்பக்கம் நரம்புகளைக் காக்கும் எலும்பு வளையம். அந்த வளையத்தில் மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் ஒடுக்கமான இடத்தை மருத்துவர்கள் ‘பார்ஸ்’ என்கிறார்கள். வலக்கை வீச்சாளர் இடப்பக்கம் சாய்ந்து பின்னுக்கு வளையும்போது, இடப்பக்கத்து மூட்டுகள் ஒன்றையொன்று நெருக்கி, நடுவில் உள்ள பார்ஸைக் கவ்வுகின்றன. அதனால்தான் வலக்கை வீச்சாளருக்குப் பெரும்பாலும் இடப்பக்கத்திலும், இடக்கை வீச்சாளருக்கு வலப்பக்கத்திலும் விரிசல் விழுகிறது. அடியில் உள்ள நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகள்தான் அதிகம் மாட்டுகின்றன.

பந்தே வீசாதவர்களிடமும் இந்த விரிசல் உண்டு. பொதுமக்களில் 100 பெரியவர்களில் சுமார் 6 பேருக்குப் பார்ஸில் பிளவு இருக்கிறது. பலருக்கு அது ஆயுள் முழுவதும் தெரிவதே இல்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குப் பிளவு இரண்டு பக்கமும் இருக்கும். வேகப்பந்து வீச்சாளருக்குப் பெரும்பாலும் ஒரே பக்கம், அதுவும் பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கம். அது பந்துவீச்சால் வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

எலும்பு பழுது பார்க்கும் காலம்

இந்த முறிவு ஒரே பந்தில் நேர்வதில்லை. ஒவ்வொரு பந்திலும் எலும்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழலாம். உடல் அதற்குத் தயாராகத்தான் இருக்கிறது. ஒருவகைச் செல்கள் சேதமான எலும்பை அரித்து எடுக்கின்றன. அவற்றின் பின்னால் வரும் இன்னொருவகைச் செல்கள் அந்த இடத்தில் புது எலும்பைப் படிய வைக்கின்றன. சிக்கல் என்னவென்றால், அரிப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். நிரப்புவதற்கு மாதங்கள் ஆகும். நிரப்பியது முழுதாகக் கெட்டிப்பட இன்னும் நாளாகும்.

மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு பழுதானால், பெயர்ந்த சாலையை முதலில் தோண்டி எடுக்கிறார்கள், பிறகுதான் ஜல்லி கொட்டித் தார் போடுகிறார்கள். தோண்டி முடித்துத் தார் போடாத அந்த இடைக்காலத்தில், வளைவு பழுதான சாலையைவிடவும் பலவீனமாக இருக்கிறது. பையனின் முதுகிலும் அப்படி ஓர் இடைக்காலம் உண்டு. வெளியே தெரியாது, வலிக்காமலும் இருக்கலாம். ஆனால் கடுமையாகப் பந்து வீசிய சில வாரங்களுக்குப் பிறகு அந்த இடம் மிக மெலிந்திருக்கும். அப்போது மறுபடி பாரம் கூடினால் நுண்விரிசல்கள் ஒன்றுசேர்ந்து முறிவாகின்றன. அழுத்த முறிவு என்று நாம் சொல்வது இதைத்தான். கிரிக்கெட் வட்டாரத்தில் எல்லோரும் சொல்வது ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்.

வயது இங்கே பெரிய காரணம். விடலைப் பருவத்தில் எலும்பு முதலில் நீள்கிறது. அதில் கனிமம் சேர்ந்து உறுதிப்படுவது பின்னால்தான் வருகிறது. மளமளவென்று உயர்ந்த பிள்ளையின் எலும்பு சில மாதங்கள் உயரத்துக்கு ஈடான உறுதி இல்லாமல் இருக்கும். முள்ளெலும்பின் பின்வளையம் முழுமையாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி வரைகூட ஆகும். அதாவது 14 முதல் 22 வயது வரை வீச்சாளருக்கு வேகம் கூடிக்கொண்டே போகிறது, எலும்பு இன்னும் அந்த அளவுக்குத் தயாராகவில்லை. தேர்வாளர்களின் கண் பிள்ளைகள் மீது விழுவதும் இதே வயதில்தான்.

பெர்த்திலிருந்து சென்னைக்கு

1973-இல் ஆஸ்திரேலிய அணி மேற்கிந்தியத் தீவுகளில் சுற்றுப்பயணம் செய்தது. உலகின் மிக வேகமான வீச்சாளர்களில் ஒருவரான டென்னிஸ் லில்லிக்கு அங்கே முதுகெலும்பில் அழுத்த முறிவு ஏற்பட்டது. உடலைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டார்கள். அவர் கதை முடிந்தது என்று பேசப்பட்ட காலம் அது. லில்லி, மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் உடற்பயிற்சி அறிவியலாளர் ஃபிராங்க் பைக்குடன் சேர்ந்து மாதக்கணக்கில் உடலைத் திரும்பக் கட்டினார். 1974-75 பருவத்தில் இங்கிலாந்துக்கு எதிராகத் திரும்பி வந்தார். 355 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் ஓய்வு பெற்றார்.

அந்த லில்லிதான் 1987-இல் சென்னையில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். வேகப்பந்து அறக்கட்டளைக்குப் பயிற்சி இயக்குநராக வந்தார். முதுகு உடைந்து மீண்டவர் ஒருவர் இந்தியப் பிள்ளைகளுக்கு வேகம் கற்றுக்கொடுக்க வந்தது நம் கிரிக்கெட்டின் பெரிய பேறு. ஓடி வருவதிலிருந்து பந்தை விடுவது வரை உடல் ஒரே ஒழுங்கில் இயங்க வேண்டும் என்பதையும், உடற்பயிற்சி பந்துவீச்சின் ஒரு பகுதிதான் என்பதையும் அங்கே பல தலைமுறை வீச்சாளர்கள் கற்றார்கள். 2012-இல் அந்தப் பொறுப்பு கிளென் மெக்ராவிடம் போனது.

லில்லிக்கு உதவிய அதே பெர்த் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூஸ் எலியட்டும் சக ஆய்வாளர்களும் 1989-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சராசரியாக 16.8 வயதுள்ள 82 வேகப்பந்து வீச்சாளர்களை ஒரு பருவம் முழுக்கப் பின்தொடர்ந்தார்கள். பருவம் முடியும்போது 38 சதவீதம் பேருக்கு முதுகில் காயம். மொத்த 82 பேரில் 11 சதவீதம், அதாவது 9 பேருக்கு, முள்ளெலும்பில் அழுத்த முறிவு. ஒரே பருவத்தில், பள்ளி வயதில், ஒன்பது முறிந்த முதுகுகள்.

நம் வீட்டுக் கதையும் உண்டு. 2004 பாகிஸ்தான் சுற்றுப்பயணத்தில் ரசிகர்களின் செல்லப்பிள்ளையான தமிழகத்தின் லட்சுமிபதி பாலாஜியை, அடுத்த ஆண்டுகளில் முதுகின் அழுத்த முறிவு நெடுங்காலம் ஆட்டத்திலிருந்து விலக்கி வைத்தது. அவர் ஆக்‌ஷனை மாற்றிக்கொண்டு திரும்பினார். 2008 மே மாதம் சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். வரலாற்றின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தார். ஆஸ்திரேலியாவின் பாட் கம்மின்ஸ் 2011 நவம்பரில், 18 வயதில், ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட் ஆடி ஆட்ட நாயகன் ஆனார். இரண்டாவது டெஸ்ட் 2017 மார்ச்சில், நம் ராஞ்சியில். நடுவில் போன ஐந்து ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் பெரும்பகுதியைத் தின்றது முதுகின் முறிவுகள்தான்.

இவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததால் நமக்குப் பெயர் தெரிகிறது. சிறிய ஊர்களில் 16 வயதில் முதுகைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தை விட்டவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஆக்‌ஷனைப் படிப்பது

பெர்த் ஆய்வு ஒரு முக்கியமான தடயத்தைத் தந்தது. பின்கால் தரையில் படும்போது வீச்சாளரின் இரு தோள்களையும் இணைக்கும் கோடு எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள். மார்பு பேட்ஸ்மேனை நோக்கியிருந்தால் ஃபிரன்ட்-ஆன். தோள் நோக்கியிருந்தால் சைடு-ஆன். இரண்டிலும் தனிப்பட்ட குற்றம் இல்லை. சிலர் கால்களையும் இடுப்பையும் ஃபிரன்ட்-ஆனாக வைத்துவிட்டு, அடுத்த கணம் தோளை மட்டும் சைடு-ஆனுக்குத் திருப்புவார்கள். இதை மிக்ஸ்டு ஆக்‌ஷன் என்கிறார்கள். இடுப்பு ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் போக, நடுவில் திருகப்படுவது கீழ் முதுகு. தோள் இப்படிப் பின்னுக்குத் திரும்பும் கோணம் 40 பாகையைத் தாண்டியவர்களிடம் அழுத்த முறிவு அதிகமாக இருந்தது.

பிற்பாடு வந்த ஆய்வுகள் படத்தை இன்னும் விரிவாக்கின. முதுகு எவ்வளவு சாய்கிறது, எவ்வளவு பின்னுக்கு வளைகிறது என்பவையும் தோளின் திருகலைப் போலவே கவனிக்க வேண்டியவை என்று தெரிந்தது. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தினர் 50 முன்னணி வீச்சாளர்களைப் படமெடுத்து ஆராய்ந்தபோது, முதுகு முறிந்தவர்களையும் முறியாதவர்களையும் பிரித்துக் காட்டியவை இரண்டு கோணங்கள். ஒன்று, பின்கால் ஊன்றும்போது இடுப்பு மூட்டின் கோணம். இன்னொன்று, முன்கால் ஊன்றும்போது கீழ் முதுகுக்கும் இடுப்பெலும்புக்கும் இடையிலான கோணம். சுருங்கச் சொன்னால், வில்லங்கம் பந்து விடும் கணத்தில் தொடங்குவதில்லை, அதற்கு முந்தைய காலடியிலேயே தொடங்கிவிடுகிறது.

பயிற்சியாளர்கள் இங்கே ஓர் உண்மையை எதிர்கொள்ள வேண்டும். முன்கால் விறைப்பாக ஊன்றினால் வேகம் கூடும் என்று அதே பல்கலைக்கழகத்தின் வேறொரு ஆய்வு காட்டியது. அதே விறைப்பு முதுகுக்கு ஏறும் விசையையும் கூட்டும். வேகம் வேண்டும், ஆனால் அபாயமே வேண்டாம் என்று கேட்க முடியாது. தேவையில்லாத திருகலையும் சாய்வையும் குறைத்து, தேவையான விசையைத் தாங்கும் அளவுக்கு உடலை மெல்லப் பழக்குவதே வழி.

இதற்கு ஆய்வுக்கூடம் கட்டாயமா? முழுத் துல்லியத்துக்குக் கட்டாயம். ஆனால் கொட்டச்சேட்டுப் பையனின் உடற்கல்வி ஆசிரியர் கையில் ஒரு செல்போன் இருக்கிறது. சாதாரண வீடியோ நொடிக்கு 30 படம் எடுக்கும். முன்கால் ஊன்றிப் பந்து விடும் நேரத்துக்கு அதில் 3 படம்தான் கிடைக்கும், ஒன்றும் தெரியாது. ஸ்லோ மோஷனில் நொடிக்கு 240 படம் எடுத்தால் அதே நேரத்துக்கு 24 படம் கிடைக்கும். வீச்சாளருக்கு நேர் பின்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுக்க வேண்டும். தோளின் திருகல் உச்சியிலிருந்து பார்த்தால்தான் நன்றாகத் தெரியும். சமதளமில்லாத மலையில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது. ஆடும் இடத்தை ஒட்டிய மேட்டில் ஏறி நின்று எடுக்கலாம். கோணத்தைப் பாகையில் சொல்ல இயலாது. தோள் பெரிதாகப் பின்னுக்குத் திரும்புகிறதா, உடல் ஒரு பக்கமாகச் சரிந்து விழுகிறதா என்பது தெரிந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் சேர்த்து வைத்தால், உயரம் கூடக்கூட ஆக்‌ஷன் எப்படி மாறுகிறது என்பதும் தெரியும்.

பந்துகளின் கணக்கு

ஆக்‌ஷனை மாற்ற ஆண்டுகள் ஆகலாம். பந்துகளின் எண்ணிக்கையை இன்றைக்கே மாற்றலாம். அபாயத்தை மதிப்பிடும் கருவிகளில் மிக மலிவானதும் பயனுள்ளதும் இதுதான்.

2003-இல் ஆஸ்திரேலியாவின் முன்னணி வீச்சாளர்களை வைத்து ரெபெக்கா டென்னிஸ் குழுவினர் ஒரு கணக்கைக் காட்டினார்கள். வாரத்துக்கு 188 பந்துகளுக்கு மேல் வீசியவர்களுக்கு அடிபடுவது அதிகம். எதிர்பார்த்ததுதான். 123 பந்துகளுக்குக் குறைவாக வீசியவர்களுக்கும் அதே அளவு அதிகம். யாரும் எதிர்பாராதது இது. பந்து வீசிய நாட்களுக்கு நடுவே சராசரியாக 2 நாளுக்குக் குறைவாக ஓய்வெடுத்தவர்களும், 5 நாளோ அதற்கு மேலோ இடைவெளி விட்டவர்களும் அதிகம் காயப்பட்டார்கள். இவை வளர்ந்த ஆண்களின் எண்கள். 15 வயதுப் பையனுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் அவை காட்டும் வழி எல்லோருக்கும் பொது. எலும்பு பாரம் ஏற்றினால்தான் கெட்டிப்படும். தேர்ந்த வீச்சாளர்களின் கீழ் முதுகில், அடிக்கடி முறியும் அந்த எதிர்ப்பக்கத்து எலும்பு மறுபக்கத்தைவிட அடர்த்தியாக இருக்கிறது என்று லஃப்பரோ ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். பாரம்தான் எலும்பை உடைக்கிறது, பாரம்தான் வலுவும் தருகிறது. எவ்வளவு வேகமாகப் பாரம் கூடுகிறது என்பதைப் பொறுத்தே இரண்டில் எது நடக்கும் என்பது முடிவாகிறது.

2009-இல் ஜான் ஆர்ச்சர்ட் குழுவினர் இன்னொன்றைக் கண்டார்கள். ஒரு போட்டியில் 50 ஓவர்களுக்கு மேல் வீசியவருக்கு அடுத்த 21 நாட்களில் அடிபடும் வாய்ப்பு கூடுகிறது. கூடுதலாக உழைத்த அன்றைக்குத் தப்பிவிட்டோம் என்று நிம்மதி கொள்ள முடியாது. விலையைச் சில வாரம் கழித்துக் கொடுக்க நேரலாம். எலும்பு அரிக்கப்பட்டு நிரப்பப்படாத இடைக்காலத்தோடு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்துகிறது.

ஜஸ்பிரித் பும்ராவை நினைத்துப் பாருங்கள். 2019-இல் கீழ் முதுகில் அழுத்த முறிவு. 2022-இல் மீண்டும் முதுகு. டி20 உலகக் கோப்பை போனது. 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை. ஆகஸ்டில் அயர்லாந்தில் அணித்தலைவராகத் திரும்பினார். 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் 32 விக்கெட். அதற்காக அவர் வீசியது 151.2 ஓவர், அதாவது 908 பந்துகள். மெல்போர்ன் டெஸ்டில் மட்டும் 53.2 ஓவர். அந்த டெஸ்ட் டிசம்பர் 30 அன்று முடிந்தது. ஜனவரி 4 அன்று சிட்னியில் முதுகுப் பிடிப்போடு மைதானத்தைவிட்டு வெளியேறினார். சாம்பியன்ஸ் டிராபியில் ஆடவில்லை. ஒருவரின் கதையை வைத்து விதியை நிறுவ முடியாது. ஆனால் 2025 இங்கிலாந்து தொடரில் ஐந்து டெஸ்டில் மூன்றில்தான் ஆடுவார் என்று முன்கூட்டியே முடிவு செய்ததை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அது கணக்கு.

கொட்டச்சேட்டுப் பையனின் நோட்டு

இனி நம் பையனின் கணக்கைப் போடுவோம். பள்ளி நாட்களில் வாரத்துக்கு 60 பந்து வீசுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாரம் அப்படியே போகிறது. நான்காம் வாரம் தேர்வு முகாம். புதிய பயிற்சியாளர்கள், புதிய போட்டியாளர்கள். எல்லோர் கண்ணும் தன் மேல் இருக்க வேண்டும் என்று முழு வேகத்தில் 240 பந்து போட்டுவிடுகிறான். நான்கு வாரச் சராசரி 105. முகாம் வாரத்தின் எண்ணிக்கை அந்தச் சராசரியைப் போல 2.3 மடங்கு. ஆஸ்திரேலியாவில் 28 வீச்சாளர்களை ஆராய்ந்த 2014-ஆம் ஆண்டின் ஓர் ஆய்வில், இந்த விகிதம் 2-ஐத் தாண்டியவர்களுக்கு அடுத்த வாரம் அடிபடும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல் கூடியது. இந்த விகிதத்தைக் கணக்கிடும் முறையைப் புள்ளியியலாளர்கள் பின்னர் கடுமையாக விமர்சித்தார்கள். அதை அப்படியே எல்லைக்கோடாக வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் திடீர் ஏற்றம் ஆபத்து என்ற பாடம் அசையவில்லை.

மலைக்கிராமத்துப் பிள்ளைக்கு அபாயம் கூடுவது இந்த இடத்தில்தான். நகரத்து அகாடமியில் ஆண்டு முழுக்கச் சீராக வீசும் பையனுக்கு முகாம் இன்னொரு வாரம். கொட்டச்சேட்டுப் பையனுக்கு அது வழக்கத்தைப் போல நான்கு மடங்கு பாரம். திறமை அவனுக்குக் குறைவில்லை. பழக்கப்படாத பாரத்தை ஒரே வாரத்தில் தலையில் ஏற்றிவிடுகிறோம்.

இன்னொரு ஓட்டை, டென்னிஸ் பந்து. சேலம் மாவட்டம் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டின் நாற்றங்கால். சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தோடு தொடங்கிய நடராஜன் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்துப் போட்டியில் போட்ட ஓவர்களை யாரும் எண்ணுவதில்லை. தோல் பந்து சுமார் 160 கிராம், டென்னிஸ் பந்து 60 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதனால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறோம். முதுகுக்கு ஏறும் விசை பந்தின் எடையிலிருந்து வரவில்லை. ஓடி வந்த வேகத்தையும் ஊன்றிய காலையும் பொறுத்தது அது. முழு வேகத்தில் வீசினால் டென்னிஸ் பந்தும் ஒரு பந்துதான். சிமெண்ட் தளத்தில், அடிப்பாகம் தேய்ந்த கான்வாஸ் ஷூவோடு வீசினால் கூடுதல் கவனம் வேண்டும்.

காப்பி அறுவடைக் காலத்தில் வீட்டாருக்குக் கைகொடுத்து மூட்டை தூக்கும் பிள்ளைக்கு, பந்து வீசாத நாள் ஓய்வு நாள் ஆகிவிடாது. களைத்த வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் அடுத்த நாள் முதுகெலும்பைச் சரியாகத் தாங்காது. சாப்பாடும் தூக்கமும் இந்தக் கணக்கில் சேர்த்தி. சூரியன் தாராளமாக இருக்கும் நம் நாட்டிலும் வைட்டமின் டி குறைபாடு பரவலாக உள்ளது. பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் உண்டு. உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாமல் மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றாலோ, எலும்பு மெலியத் தொடங்கியிருக்கலாம். அதைக் கூச்சமின்றிக் கேட்கவும் சொல்லவும் பள்ளியில் ஓர் ஆசிரியை வேண்டும்.

எனவே ஒரு 40 பக்க நோட்டு போதும். தேதி. எத்தனை பந்து: போட்டியில், நெட்ஸில், டென்னிஸ் பந்தில் தனித்தனியாக. முழு வேகமா, பாதி வேகமா. முதுகில் வலி உண்டா, எந்தப் பக்கம். வேறு என்ன வேலை செய்தான். எத்தனை மணி நேரம் தூங்கினான். வாரக் கடைசியில் கூட்டல். உயரத்தை மாதம் ஒருமுறை குறிக்க வேண்டும். சட்டென்று உயரும் மாதங்களில் பந்துகளைக் குறைக்க வேண்டும். முகாம் வருகிறதென்றால், ஆறு முதல் எட்டு வாரம் முன்பிருந்தே எண்ணிக்கையைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

எல்லை எங்கே என்பதற்கு இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் நீண்ட காலமாகக் கடைப்பிடித்து வந்த வரம்பு நல்ல வழிகாட்டி. 13 வயது வரை ஒரு ஸ்பெல்லில் 5 ஓவர், நாளுக்கு 10. 14, 15 வயதில் ஸ்பெல்லுக்கு 6, நாளுக்கு 12. 16 முதல் 19 வரை ஸ்பெல்லுக்கு 7, நாளுக்கு 18. நம் பையன் ஒரு நாளைக்கு 72 பந்துக்கு மேல் வீசக் கூடாது. அதுவும் தினமும் அல்ல.

வலி சொல்லும் சேதி

இத்தனைக்குப் பிறகும் முதுகு வலிக்கலாம். எந்த வலியைக் கண்டு பயப்பட வேண்டும்? பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கம், இடுப்புப் பட்டைக்குச் சற்று மேலே, ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படியான வலி. வீசும்போது கூடி, விட்டால் குறையும். பின்னுக்கு வளைந்தால் சுருக்கென்று பிடிக்கும். ஒற்றைக் காலில் நின்று பின்னுக்கு வளையச் சொல்லிப் பார்க்கும் சோதனை நெடுநாள் புழக்கத்தில் உள்ளது; ஆனால் அதை மட்டும் நம்பி இருக்கிறது, இல்லை என்று முடிவு கட்ட முடியாது என ஆய்வுகள் காட்டிவிட்டன. வளரும் வயதுடைய வேகப்பந்து வீச்சாளருக்கு ஒருபக்க முதுகுவலி வந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை அது எலும்பின் வலி என்றே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

அடுத்து, படம். தொடக்க நிலை விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ‘எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, பிடிப்புதான், தைலம் தேய்’ என்று திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி பந்து வீசி, விரிசலை முறிவாக்கிக்கொள்ளும் பிள்ளைகள் இப்படித்தான் உருவாகிறார்கள். சி.டி. ஸ்கேன் முறிவைத் தெளிவாகக் காட்டும். ஆனால் கதிர்வீச்சு உண்டு. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. எலும்பு முறிவதற்கு முன்பே, அதன் மஜ்ஜையில் நீர் கோத்திருப்பதையும் அது காட்டிவிடும். ஆஸ்திரேலியாவின் இளம் வீச்சாளர்களைப் பருவம் முழுக்க இடைவெளி விட்டு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, அந்த நீர்க்கோவை தெரிந்தவர்களுக்கே பின்னர் காயம் பெரிதும் வந்தது. வலி தொடங்கும் முன்பே படம் எச்சரித்தது. அந்த நிலையில் நிறுத்தினால் முழு முறிவைத் தவிர்க்க வாய்ப்பு உண்டு. ஒருபக்கம் மட்டும் விழுந்த விரிசல், சீக்கிரம் கண்டுபிடித்துப் பந்துவீச்சை நிறுத்தினால், பெரும்பாலும் கூடிவிடும். அதற்குச் சில மாதங்கள் பொறுக்க வேண்டும். இருபக்கமும் பிளந்துவிட்டால் முள்ளெலும்பு முன்னுக்கு நழுவும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது.

எல்லாப் பிள்ளைக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க நம்மால் முடியாது, தேவையும் இல்லை. யாருக்கு எடுக்க வேண்டும் என்பதை அந்த நோட்டு சொல்லும். பந்துகள் திடீரென்று ஏறியிருக்கின்றன, பிள்ளை வேகமாக உயர்ந்திருக்கிறான், எதிர்ப்பக்கம் வலிக்கிறது. மூன்றும் சேர்ந்தால் மலையிறங்கிச் சேலத்துக்குப் போய் மருத்துவரிடம் அந்த நோட்டையே காட்டுங்கள்.

அபாயம் ஆருடம் அல்ல

ஒரு நேர்மையான எச்சரிக்கை. எந்த ஒரு சோதனையும் இந்தப் பையன் உடைவான், அந்தப் பையன் தப்புவான் என்று சொல்லிவிடாது. கீழ் முதுகின் பக்கவாட்டுத் தசை ஒருபக்கம் பெருத்திருந்தால் முறிவு வரும் என்று ஓர் ஆய்வு சொன்னது; பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. மிக்ஸ்டு ஆக்‌ஷனோடு பத்தாண்டு ஆடியவர்களும் உண்டு. அழகான ஆக்‌ஷனோடு முறிந்தவர்களும் உண்டு. வயது, முந்தைய முறிவு, ஆக்‌ஷன், பந்துகளின் ஏற்றம், ஓய்வு, வலி ஆகிய ஆறையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் மதிப்பீடு உருவாகிறது. ஒருமுறை முறிந்த முதுகு மறுபடி முறியும் வாய்ப்பு அதிகம். வயதை நாம் மாற்ற முடியாது. ஆக்‌ஷனை மெல்லத்தான் மாற்ற முடியும். பந்துகளின் ஏற்றமும் ஓய்வும் மட்டுமே முழுதாக நம் கையில் உள்ளவை.

வாழப்பாடியில் 2020-இல் திறக்கப்பட்ட கிரிக்கெட் மைதானம், கொட்டச்சேட்டுப் பிள்ளைக்குப் பெரிய ஆட்டத்தை மலையடிவாரத்துக்கே கொண்டுவந்திருக்கிறது. அங்கே போய் வீசும் கனவு நியாயமானது. அந்தக் கனவுக்கு 15 வயதில் முதுகை விலையாகக் கேட்பது நியாயமில்லை. உடற்கல்வி ஆசிரியர்களே, ஊர் அணித்தலைவர்களே, பெற்றோர்களே: உங்கள் ஊரில் வேகமாகப் பந்து வீசும் பிள்ளை ஒருவர் இருந்தால், இந்த வாரமே ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். பந்துகளை எண்ணுங்கள். முதுகு வலிக்கிறது என்று சொன்னால் அன்றைக்கே பந்தை வாங்கி வையுங்கள்.